சுவர் வைக்கமுன்

இரவுக் கடமை முடிந்து வந்து
லப்டொப்பைத் திறந்தேன்.
வீடு வரையும் மென்பொருள் முதலில் கேட்டது
கூரைக்குப் பனிச்சுமை எவ்வளவென்று.
பூச்சியம் என்று அடித்தேன்.
ஆனைக்கோட்டையில் பனி விழுவது மார்கழியில்,
அதுவும் மூக்கடைப்பாக மட்டும்.
சோளகக் காற்றுக்கு ஒரு பெட்டி தேடினேன்,
இல்லை.

ஒன்றேகால் பரப்புக் காணி.
வடமேற்கு மூலையில் கிணறு,
அதில் எனக்கு மூன்றிலொரு பங்கு,
பக்கத்துக் காணிக்காரர் வந்து போகும் பாதையோடு
உறுதியில் எழுதிக் கிடக்கிறது.
பொருட்பட்டியலில் நீச்சல் தடாகம் ஏழு வகை,
குளிர்காய அடுப்பு பன்னிரண்டு.
கிணறு இல்லை.
ஓர் உருளையை நட்டு
அதற்குள்ளே இன்னோர் உருளையைக் கழித்தேன்.
தண்ணீரின் நிறந்தான் சரிவரவில்லை.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீருக்கு
அவர்களிடம் நிறம் இல்லை.

படுக்கையறை என்றவுடன்
இரட்டைக் கட்டிலைத் தானே கொண்டுவந்து போட்டது.
அழித்தேன்.
ஒற்றைக் கட்டில், யன்னலோரம்.
மறுநாள் திறந்தால்
மறுபடி இரட்டை.
எங்கட சின்ன மாமியைப் போல,
தலையைத் தலையை ஆட்டிவிட்டு
தன் எண்ணத்துக்கே போகிறது.

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
குறி நெடுநேரம் துடித்தது.
இந்த ஒழுங்கையில் புதுவீடு எழும்பினால்
யாரோ ஒருத்திக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது என்று அர்த்தம்.
சீமெந்து லொறி திரும்பமுதலே கேட்பார்கள்,
மாப்பிள்ளை எந்த ஊர்?
நாற்பத்தொரு வயது.
எக்ஸ்ரே பிரிவில் பதினாறு வருஷம்.
வங்கிக் கடன் என்ர சம்பளத்தில்.
அடித்தேன்: மா. குணசோபனா.
துணை உரிமையாளர் என்ற பெட்டியை
வெறுமையாக விட அனுமதித்தது.
அந்த ஒரு மரியாதை அதனிடம் இருந்தது.

'சட்டகம் மட்டும் காட்டு' என்றொரு பொத்தான்.
அழுத்தினேன். சுவர்கள் கழன்று போயின.
கால், தீராந்தி, முகட்டுவளை,
விலாவிலாவாய்ச் சிலாகை.
வேலையிலும் நாள் முழுக்க இதுதான்:
மூச்சைப் பிடியுங்கோ,
இப்ப விடுங்கோ.
இங்கே பிடித்துக்கொண்டிருந்தது நான்,
கீழே மரக்கணக்கு ஓடி முடியும்வரை.
தொகையைக் கண்டதும்
விறாந்தையை அழித்தேன்.
உயரத்தில் அரை அடி குறைத்தேன்.
பிறகு எழும்பி நின்று கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
அந்த அரை அடியைத் திருப்பி வாங்கினேன்.
நான் நெட்டை, விசிறி தட்டும்.

இலவச நாள் முப்பதும் முடிந்து
வீடு பூட்டிக்கொண்டது.
போனில் பிடித்துவைத்த படங்கள்தான் மிச்சம்.
பாசையூர் எட்வின்
இரண்டு விரலால் அதை விரித்து விரித்துப் பார்த்தான்.
"அக்கா, இதில எல்லா மரமும் நேராக் கிடக்கு."
அதற்கு நான் என்ன சொல்ல.
வந்திறங்கிய பனஞ்சிலாகைகளில் ஏழாவது
வில்லாய் வளைந்திருந்தது.
வளைவு வானத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு
ஆணி அடித்தான்.
ஓட்டுப் பாரத்துக்குப் படிஞ்சிடும் என்றான்,
அடுத்ததை எடுக்கப் போனான்.

வாளியோடு பாதையால் வந்த ரஞ்சிதமலர்
அண்ணாந்து கூரையைப் பார்த்துக் கேட்டாள்,
"ஆருக்கு வீடு?"
எனக்கு.
"அது தெரியும். ஆருக்கு?"
அவளுக்கும் எனக்கும் நடுவில்
வாளி நிரம்பியது.

இப்போதைக்குக் காலும் கூரையும்.
சுவர் அடுத்த கடனுக்கு.
திரையில் நடந்து பார்க்கும்போதெல்லாம்
கதவை மறந்து சுவருக்குள்ளால் போய்விடுவேன்,
அது தடுக்காது.
பின்னேரம் எட்வின் போனபின்
குசினியிலிருந்து அறைக்கு
சுவர் வரப்போகிற இடத்தால் நடந்து போனேன்.
திரும்பி வந்தேன்.
இன்னொருமுறை போனேன்.
ஐந்து மணி வெயில்
படம் சொன்ன இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகிடந்தது.
குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து,
இன்னும் வாங்காத கட்டிலை
ஒரு சாண் நகர்த்தினேன்.